தேதி எழுத வேண்டிய கட்டம்

— உங்க ஃபாரத்துல அந்த ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்குதுங்க, பொன்னி அக்கா. தயவுசெய்து கோவிச்சுக்காதீங்க. ஆண்டவரே காப்பாத்துங்கன்னு கேட்டு ரட்சிக்கப்பட்ட தேதி இல்லாம ஞானஸ்நானத்துக்குப் பேர் சேர்க்கறது நம்ம சபையில வழக்கம் இல்லீங்க.

— போன வருசமும் இதயே தான் சொன்ன, ஸ்டான்லி பாஸ்டரே. மாமல்லபுரம் வரிக்கும் வேன்ல வந்து, மத்தவங்க கடல்ல எறங்கறத மணல்ல நின்னு பாத்துட்டு வூட்டுக்குப் போனேன்.

— எனக்கும் அது வருத்தமாத்தாங்க இருந்துச்சு.

— உன் வருத்தத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? இந்தத் தபா எறங்காம போமாட்டேன்.

— வேன் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம்தாங்க இருக்குது. கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. ஏதாவது ஒரு கூட்டம், ஒரு உபவாச ஜெபம்...

— பொத்தேரி மெஸ்ஸுல காலைல முந்நூறு இட்லி ஊத்தறவ நான். எந்தக் கூட்டத்துக்கு வந்தேன்? அடுப்பாண்ட நின்னுகினு தெனமும் கேப்பேன். ஆண்டவரே, நான் கெட்டவ தான், மன்னிச்சு என்னைச் சேத்துக்கோன்னு. அவ்ளோ தான்.

— கேட்க ஆரம்பிச்ச நாள்?

— யாருக்குத் தெரியும்? ஒம்போது வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத நாத்தனா வூட்டுக்கு ஒரு நாள் போயி, தப்பு என்னுது தான்னு சொல்லிட்டு, அவ போட்ட சோத்தத் துன்னுட்டு வந்தேன். அச்சரப்பாக்கத்துலருந்து பஸ்ஸுல திரும்பி வரச்சொல்ல தான் தோணுச்சு, இது பழைய பொன்னி இல்லியேன்னு.

— ரொம்ப சந்தோஷங்க. அந்த பஸ்ல வந்த நாளையே எழுதிடலாமே.

— அதுக்கு எவ்ளோ நாளு முன்னாடி ஆண்டவரு என்னைப் புடிச்சாரோ. பஸ்ஸுல எனக்குத் தெரிஞ்சுது, அவ்ளோ தான்.

— அப்போ... தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு உதவத்தான் சொல்றேன். போன ஈஸ்டர் ஞாயிறுன்னு போட்டுடறேனே. யாரும் கேட்க மாட்டாங்க.

— பொய்ய எழுதிக் குடுத்துட்டு தண்ணில எறங்கச் சொல்றியா?

— பொய்னு இல்லீங்க. ஒரு ஒழுங்குக்காக...

— உன் தேதி இன்னா? சொல்லு.

— ரெண்டாயிரத்துப் பத்து, மே பதினாறு. சபைக்கே தெரியுமே. வருஷா வருஷம் அன்னிக்கு எனக்கு கேக் வெட்டுவாங்க.

— கேக்கு நானும் துன்னுகீறேன். அன்னிக்கு இன்னா நடந்துச்சு?

— படூர்ல வாலிபர் முகாம்ங்க. கடைசி நாள் ஆண்டவரை ஏத்துக்கறவங்க கை தூக்குங்கன்னாங்க, எல்லாரும் தூக்கினோம். இதே மாதிரி ஒரு ஃபாரம் குடுத்தாங்க.

— ஃபாரம் கெடக்கட்டும். நீ இன்னா கேட்ட?

— வேன்ல எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாக்கறேங்க.

— உன்னைத் தான், பாஸ்டரே.

— பக்கத்துல இருந்த ஜெபா அண்ணன்கிட்ட கேட்டேங்க. தேதிக்கு என்ன எழுதணும்னு.

— ஆண்டவர்கிட்ட நீ இன்னா கேட்டன்னு தான் கேட்டேன்.

— அடுத்த மாசமே ஞாயிறு பள்ளியில பாடம் எடுக்கச் சொல்லிட்டாங்க. அப்புறம் பைபிள் காலேஜ், பிரசங்கம், எனக்கும் பிரிசில்லாவுக்கும் கல்யாணம். எல்லாமே அந்தத் தேதி மேலதாங்க கட்டினது.

— வேன்காரன் ஆரன் அடிக்கிறான். முடிவா சொல்லு. வேன்ல ஏறட்டுமா, வூட்டுக்குப் போவட்டுமா?

— ஏறுங்க அக்கா. கட்டம் காலியாவே இருக்கட்டும். முன்னாடியே கடற்கரைக்குப் போயிருக்கற பெரிய பாஸ்டருக்கு இப்பவே போன் பண்ணி நான் பொறுப்பு ஏத்துக்கறேன்.

— அப்ப எழுந்திரு. தண்ணில எங்க கையப் புடிக்கறது நீ தானே?

— அதைப் பெரிய பாஸ்டரே செய்யட்டுங்க. நான் இந்தக் கதவைச் சாத்திட்டு முழங்கால் போடணும். என்னைக் காப்பாத்துங்கன்னு ஆண்டவர்கிட்ட இதுவரைக்கும் ஒரு தடவை கூட நான் கேட்டதில்லீங்க, அக்கா.