முதல் டம்ளர்

— படிச்சாச்சு. பகல் பன்னிரண்டு மணிக்குள்ள எம்பாராகிய நான், சாவிக் கொத்தைத் துளசிராமனாகிய உங்ககிட்ட ஒப்படைச்சுட்டு ஆத்துக்குப் போயிடணும். ட்ரஸ்ட் ஆபீஸ்ல தமிழ் நன்னா எழுதறா. உக்காருங்கோ, ஏன் நின்னுண்டே இருக்கேள்?

— எனுக்கு ஒண்ணும் தெரியாது எம்பார் சார். புது ஆஸ்பத்திரி மேனேஜருங்களுக்குத் தலைமைப் பயிற்சின்னு மெட்ராசுல அஞ்சு நாள் உக்கார வெச்சாங்க. முடிஞ்ச கையோட இந்தக் கவரக் குடுத்து, திருவள்ளூருக்கு ரயில் ஏறுன்னாங்க. வேலய சொல்லிக் குடுக்க ஒரு ஆளு இருப்பாரு, அவருகிட்ட கத்துக்கோன்னாங்க. அந்த ஆள வெளிய அனுப்பற காயிதம்தான் கவருக்குள்ள இருக்குதுன்னு நீங்க படிச்சப்பதான் தெரியுது.

— உங்களைச் சொல்லி என்ன. இப்போ மணி பத்தரை. ஒண்ணரை மணி நேரத்துல ஆஸ்பத்திரியை உங்களுக்குச் சொல்லிக் குடுத்துடலாம். நாப்பத்தேழு வயசுல இனிமே எவன் வேலை தருவான்னு என் ஆத்துக்காரி அம்புஜவல்லி கேப்பா. அதுக்குப் பதில் யோசிக்க மத்தியானம் பூரா இருக்கு.

— எம் பேருக்கும் ஒரு காயிதம் இருக்குது சார். சார்ஜ் எடுத்ததும் மொத வேலையா, ‘முதல் டம்ளர் என்னும் பழக்கத்தை உடனே நிறுத்தவும்’னு போட்டிருக்காங்க. ரயில்ல வர்றப்ப பூரா இதான் யோசன. யாருனா டம்ளரத் திருடறாங்களா?

— திருடலை. திங்கக்கிழமை தோறும் பதினோரு மணிக்குப் பின்வாசல்ல எல்லாருக்கும் டீ. வார்டுக்கு நாலு பேரை விட்டுட்டு, டாக்டர்லேர்ந்து தோட்டக்காரன் வரைக்கும் வந்து நிப்பா. முதல் டம்ளர் யார் கைக்குப் போறதோ, போன வாரம் இந்த ஆஸ்பத்திரில நன்னா வேலை செஞ்சது அவர்தான். மத்தவாளுக்கு வரிசை கிடையாது, கைக்கு எட்டினதை எடுத்துக்க வேண்டியது.

— டம்ளரு வெள்ளியா சார்?

— எவர்சில்வர். எல்லாம் ஒரே கடைல வாங்கினது.

— அந்த டம்ளர்ல மட்டும் பாலு ஜாஸ்தியா?

— அதே டீதான். ரொம்ப நல்ல டீயும் இல்லை. நான் ஆத்துலேர்ந்து ஃபிளாஸ்க்ல காப்பி கொண்டு வந்துடுவேன்.

— அப்ப கூட இன்னா தர்றீங்க? பயிற்சில ஊக்கத்தொகன்னு ஒரு நாள் பூரா நடத்துனாங்க. நோட்டுல பதினாறு பக்கம் எழுதிக்கினு வந்திருக்கேன்.

— கூட ஒண்ணும் கிடையாது. வந்த புதுசுல ஊக்கத்தொகை வேணும்னு நானும் ட்ரஸ்டுக்கு எழுதினேன். ஊக்கம் இருக்கலாம், தொகை கிடையாதுன்னு பதில் வந்துது. எங்கே, அந்தப் பதினாறு பக்கத்துல என்ன இருக்கு?

— ஒரு முக்கோணம் சார். அடியில சோறு, துணி. அதுக்கு மேல ஊடு. அதுக்கு மேல சொந்தபந்தம். உச்சியில மரியாதி. மனுசன் கீழேர்ந்து ஒவ்வொரு படியா ஏறுவானாம். வயிறு நெறஞ்சாத்தான் மரியாதி கேப்பானாம். பாடம் நடத்துனவரு வெளிநாடு போயி படிச்சவரு.

— நம்ம பக்கம் வந்து படிச்சிருக்கணும். எங்க தாத்தா கிராமத்துக் கோயில்ல பூஜை முடிஞ்சதும் எல்லாருக்கும் தீர்த்தம் உண்டு. ஒரு உத்தரணி ஜலம், சின்னக் கரண்டி அளவு. அதை முதல்ல யார் கையில விடறதுங்கறதுல எங்க தாத்தாவுக்கும் அவரோட பங்காளிக்கும் வழக்கு. முன்சீப் கோர்ட்ல ஆரம்பிச்சு ஹைகோர்ட் வரைக்கும் இருபத்திரண்டு வருஷம் நடந்துது. எங்க பக்கம் எட்டு ஏக்கர் நஞ்சை போச்சு. அவா பக்கம் ஒம்போது.

— தீர்ப்பு யாருக்கு சார் ஆச்சு?

— ஒருநாள் விட்டு ஒருநாள். தீர்ப்பு வரச்சே ரெண்டு பேருமே இல்லை. உங்க முக்கோணத்துல சோறு அடியில இருக்கு. எங்க ஆத்துல உச்சிக்காக அடியை வித்துட்டா.

— எங்க நைனாவும் அப்பிடித்தான் சார். கும்மிடிப்பூண்டி பக்கம் எங்க ஊரு. கூழ் ஊத்தற அன்னிக்கி மொத மாலய வேற எவனுக்கோ போட்டுட்டாங்கன்னு மூணு வருசம் அம்மன் கோயில் பக்கமே போவல. அந்த மூணு வருசமும் ஊட்டுல அரிசி இல்ல. அதப்பத்தி ஒரு வார்த்த பேசல, மாலயப்பத்திதான் பேச்சு.

— உங்களுக்கு வேலை சீக்கிரம் பிடிபட்டுடும். மூணு வருஷம் முன்னாடி நான் இங்க வந்து சேந்தப்போ, வார்டு பாய் பாக்கியநாதன் துணி அலமாரிக்குள்ளே தூங்கிண்டிருந்தான். எழுப்பினா, யார் நீங்கன்னு கேட்டான். மேனேஜர்னேன். போன மேனேஜர் கதவைத் தட்டிட்டுத் திறப்பார்னான். நர்ஸ்கள் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுவா. நோயாளிகள் தண்ணி வேணும்னா பக்கத்துக் கட்டில்காரனைக் கேப்பா. எங்கிட்ட பணம் இல்லை, டீ இருந்துது. ஒரு உத்தரணி ஜலத்துக்குப் பதினேழு ஏக்கர் போகும்னா, ஒரு டம்ளர் டீக்கு ஒரு வார்டு சுத்தமாகாதான்னு தோணித்து.

— உடனே ஆயிடுச்சா?

— முதல்ல தப்புப் பண்ணினேன். கோயில் ஞாபகத்துல நாப்பத்து மூணு பேருக்கும் வரிசை போட்டு, அட்டைல எழுதிச் சுவத்துல மாட்டிட்டேன். ஒரே வாரத்துல அஞ்சு மனு. இருபத்தெட்டாவது டம்ளர் இருபத்தேழாவது டம்ளர் மேல வக்கீல் நோட்டீஸ் விட்டுது. அட்டையைக் கிழிச்சேன். முதல் டம்ளர் மட்டும் போதும், ரெண்டாவதுன்னு ஒண்ணு இருந்தா கோர்ட்டும் கூடவே வரும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

— மொதல்ல யாருன்னு நீங்க சொல்லுவீங்களா சார்?

— நான் சொன்னா எல்லாரும் என் கண்ணு முன்னாடி மட்டும் பெருக்குவா. போன வாரம் முதல் டம்ளர் வாங்கினவாதான் இந்த வாரம் யாருக்குன்னு சொல்லணும். தன் பேரைச் சொல்லிக்கப்படாது. மேனேஜர் பேரையும் சொல்லப்படாது, அது நான் போட்ட விதி. அதனால இதுவரைக்கும் எனக்குக் கிடைச்சதில்லை.

— ஆளுங்க ஏமாத்துவாங்களே சார். எனுக்குத் தெரிஞ்சவன் எவனா இருந்தாலும் தானே தண்ணியக் கொட்டிட்டு தானே தொடப்பான்.

— பாக்கியநாதன் அதான் பண்ணினான். அந்த வாரம் சொல்ற முறை சமையல்காரரோடது. அவரே ஒரு வாரம் முன்னாடி ரசத்தைக் கொட்டிட்டுத் துடைச்சு முதல் டம்ளர் வாங்கினவர். பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டார். நாலு மாசம் பாக்கியநாதன் பேரை யாரும் எடுக்கலை. அஞ்சாவது மாசம் ஒரு கிழவருக்கு தினமும் ரெண்டு வேளை சோறு ஊட்டியிருக்கான், யாருக்கும் தெரியாம. கிழவரோட பேத்தி வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு டம்ளர் அவனுக்கு. குடிக்கறதுக்கு முன்னாடி ஆத்துக்கு ஓடிப்போய் சட்டை மாத்திண்டு வந்தான். இப்போ அலமாரில துணி இருக்கு.

— கேக்க நல்லாத்தான் இருக்குது.

— சங்கடமும் உண்டு. ஒரே நோயாளியை ரெண்டு நர்ஸ் காலைல ரெண்டு தரம் குளிப்பாட்டிட்டா. அவர் மூணாவது நர்ஸைக் கண்டதும் குணமாயிட்டேன்னு கிளம்பிட்டார். உண்மையாவே குணமாத்தான் இருந்தது.

— இவ்ளோ நல்லா நடக்கறத நிறுத்தச் சொல்லி யாரு சார் எழுதிப் போட்டது?

— பெரிய டாக்டர். மெட்ராஸ்லேர்ந்து வரார், காசு வாங்கிக்காம ஆபரேஷன் பண்றார். அவர் இல்லைன்னா ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியை மூடிடுவா. அதனால அவர் எழுதினா ட்ரஸ்ட் வாசிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுடுவா. இது ஆடி மாசம் இல்லியா, பெரியபாளையம் திருவிழாவுக்குப் போனவா பதினாலு பேர் வாந்தி பேதின்னு ஒரே நாள்ல வந்து படுத்துட்டா. நம்ம முத்தம்மா, வார்டு கழுவறவ, ஒவ்வொரு வாளியையும் பாத்திருக்கா. எல்லாத்துலேயும் ஒரே ரோஸ் கலர். மேட்ரன் சாராள்கிட்டப் போய், இதுங்க எல்லாம் ஒரே சர்பத் குடிச்சிருக்குன்னு சொல்லிட்டா. மேட்ரன் ஒவ்வொரு கட்டிலா விசாரிச்சா. ஒரே வண்டி சர்பத். அன்னிக்கே வண்டியை மூட வச்சாச்சு, பதினஞ்சாவது ஆள் வரலை.

— வாளிய பாத்தா கண்டுபுடிச்சாங்க?

— டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்துண்டிருந்தா. போன திங்கக்கிழமை முதல் டம்ளர் முத்தம்மாவுக்கு. பெரிய டாக்டர் கையில எடுத்த டம்ளரை அப்படியே தட்டுல திருப்பி வச்சுட்டு உள்ள போயிட்டார். நாப்பது பேர் பாத்தா. வாளி தூக்கறவளுக்கு அப்புறம் தான் டீ குடிக்கறதா, இந்த மேனேஜர் இருக்கற வரைக்கும் இங்க பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்னு அன்னிக்கே ட்ரஸ்டுக்கு லெட்டர்.

— சார், நா இந்த டம்ளர நிறுத்த மாட்டேன். ட்ரஸ்டுக்கு நானே எழுதறேன், எம்பார் சாரு இருக்கட்டும்னு.

— எழுதினா உங்களுக்கும் ஒரு கவர் வரும். மூணாவதா ஒருத்தர் ரயில் ஏறுவார். வேண்டாம். உங்களுக்கும் குடும்பம் இருக்கு. சாவியை வாங்கிக்கோங்கோ. ஒண்ணு மட்டும் கேக்கறேன். நிறுத்தறதா இருந்தா ஒரு திங்கக்கிழமை தள்ளி நிறுத்துங்கோ. இன்னிக்கு பதினோரு மணி டீக்குப் பேர் சொல்ற முறை முத்தம்மாவோடது. யார் நன்னா வேலை செஞ்சான்னு அவ ஆயுசுல அவளை யாரும் கேட்டதில்லை.

— அந்தம்மா இன்னா சொல்லும்? டாக்டரு மேல கடுப்புல இருக்குமே. வேணும்னே தோட்டக்காரனக் கூப்ட்டு, அவரு எதிர்ல குடுத்தா? அப்புறம் அவரு ஆஸ்பத்திரிக்கே வராம பூட்டாருன்னா?

— எனக்கும் அதே பயம்தான். ஆனா விதியைப் போட்டவன் நான். போய்ச் சொல்லிக் குடுக்க முடியாது. மணி பதினொண்ணு அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு, சத்தத்தையே காணோம்.

— அய்யா, உள்ள வரலாமா? டீ ஊத்தியாச்சு. நீங்க வரலியேன்னு பாக்க வந்தேன்.

— வா முத்தம்மா. இவர் துளசிராமன். இனிமே இவர்தான் மேனேஜர்.

— தெரியும்யா. டாக்டரு சொன்னாரு. வணக்கங்க.

— பேரைச் சொல்லிட்டியா முத்தம்மா? யாருக்குக் குடுத்த?

— பெரிய டாக்டருக்கு.

— யாருக்கு?

— பெரிய டாக்டருக்குத்தாங்க. வெள்ளிக்கெழம நா ரெண்டு கையிலயும் வாளி வெச்சினு இருந்தேன். ஒரு கெழவி கட்டில்லேயே வாந்தி எடுத்துடுச்சி. நர்சம்மா ரெண்டு பேரும் ஆபரேசன் ரூம்புல. டாக்டரு வந்தாரு, சுத்திமுத்தும் பாத்தாரு, மூணாவது வாளிய அவரே எடுத்தாந்து புடிச்சாரு. பொறவு கொண்டுபோயி கொட்டிட்டு, கழுவியும் வெச்சாரு.

— முத்தம்மா, ஒருவேளை நீ பாக்கறேங்கறதுக்காகத் தூக்கியிருப்பாரோ?

— ஆமாய்யா. நா பாக்கறனான்னு பாத்துட்டுத்தான் தூக்குனாரு. அது எனக்குத் தெரியாதா? ஆனா கெழவி கட்டிலு சுத்தமாச்சு இல்ல. கைலயும் ரெண்டு சொட்டு பட்டுது, தொடச்சிக்கல. இவுரு என் டம்ளருக்குப் பொறவு குடிக்க மாட்டேன்னவருன்னு நெனச்சேன். அப்பாலதான், வாளிய தூக்குனது யாருன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு யோசிச்சேன். டாக்டருன்னுதானே சொல்லணும். சொல்லிட்டேன்.

— எம்பார் சார், என் நோட்டுல இதுக்கு எடமில்ல.

— முத்தம்மா, நீ பேரைச் சொன்னதும் அவர் என்ன பண்ணினார்? டம்ளரை வச்சுட்டுப் போயிட்டாரா?

— போவலய்யா. ரெண்டு கையால வாங்கினாரு. இன்னும் குடிக்கல, எல்லாரும் வந்து பாக்கட்டும்னு புடிச்சினே நிக்கிறாரு. கணக்குப் புள்ளயக் கூப்ட்டு, இதெல்லாம் புஸ்தகத்துல எழுதி வெக்கறீங்களான்னு கேட்டாரு. வார்டுல இருந்த நாலு பேரயும் கூட்டியாரச் சொன்னாரு.

— உன்னையும் அவர்தான் இங்கே அனுப்பினாரா? எதுக்கு?

— அடுத்த திங்கக்கெழம பேரு சொல்ற முற அவுருதாமே. மேனேஜர மாத்திட்டா அந்த முற இருக்குமா, பூடுமான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு. பூடும்னா, ட்ரஸ்டுக்கு எழுதுன கடுதாசிய இன்னிக்கே திருப்பி வாங்கிக்கிறாராம்.