எட்டாத பிரேக்

நடுநாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கும் தலைவர், என் கொழுந்தனார் தனபால் அவர்களே, விடியுமுன்னே விரைந்து வந்திருக்கும் சூலூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, காரமடை வரை சைக்கிள் மிதிக்கக் காத்திருக்கும் கண்ணுகளே, வணக்கம்.

எனக்கு எழுத்து வராது. மறதியும் வராது. முன்வரிசை சிரிக்கிறது. தலைவர் சிரிக்கவில்லை, பார்த்தீர்களா?

என் கல்யாணத்துக்கு அண்ணன் ஆரோக்கியதாஸ் தந்த சீர் என்ன? பொன்னா? பட்டா? தான் பந்தயத்தில் ஓட்டிய பச்சைச் சைக்கிள். கிடாய்க் கொம்பாகக் கீழே வளைந்த ஹேண்டில்பார். பனியைக் கிழித்து மில்லுக்குப் போனேன்; பஞ்சு படிந்த கூந்தலோடு பாடித் திரும்பினேன். அந்தக் காற்று இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

ஆனால் எட்டி எட்டிப் பிடித்ததில் மணிக்கட்டு மரத்தது, கழுத்து கடுத்தது. சொன்னேன். ஸ்பேனரோடு வந்தார் தனபால்.

"ஏனுங்க அண்ணி, குனியறதாலதான வலி? கொம்பக் கவுத்துப்போட்டா ராணியாட்ட நிமிந்து போலாமுங்க."

கவிழ்த்தார். அன்று ஊரே அப்படித்தான் கவிழ்த்தது. நிமிர்ந்தேன், மறுக்கவில்லை. பிரேக் எங்கே போனது? விரலுக்கு எட்டாத திசைக்கு. குளத்து இறக்கத்தில் பருத்தி வண்டி குறுக்கிட்டது. விரல் தேடியது, பிரேக் இல்லை. இதோ, தாடைத் தழும்பு. கடைசி வரிசை அம்மணிக்குத் தெரிகிறதா?

தழும்பு ஆறிவிட்டது. "பொம்பளைக்கு ஓட்டத் தெரியலீங்க" என்று சொல்லி என் சைக்கிளை விற்றாரே, அது ஆறவில்லை.

இப்போது என் மருமகள் மெர்சியின் சைக்கிளுக்கும் அதே வளைந்த கொம்பு, அவளுக்கும் அதே மரத்த மணிக்கட்டு. இன்றைய பயணமே வேண்டாமென்றாள். போன வாரம் ஸ்பேனரோடு வந்தவர் யார்? சொல்லவும் வேண்டுமா? வாசலை மறித்து நின்றேன்.

"உடுங்க அத்தை, கவுக்காமயே சரி பண்ணிப்போடலாமுங்க" என்றாள் மெர்சி. ஹேண்டில்பாரைத் தாங்கும் நீளத் துண்டைக் கழற்றிக் குட்டையானதைப் போட்டாள். கொம்பை ஒரு விரற்கடை உயர்த்தினாள். மணிக்கட்டு மடங்காதபடி பிரேக் பிடியை மேலேற்றினாள். தெருவைச் சுற்றினாள், திருத்தினாள், திரும்பவும் சுற்றினாள். முழங்கை தளர்ந்தது, முகம் மலர்ந்தது.

உடம்புக்காக வண்டியா? வண்டிக்காக உடம்பா? ஆமாம், உரக்கச் சொல்லுங்கள்.

தலைவரே, கொடியசைக்குமுன் மெர்சியின் சைக்கிளைப் பிடித்துப் பாருங்கள். விரலை நீட்டுங்கள். என்ன? மைக்கில் சொல்லுங்கள்.

"எட்டுதுங்க, அண்ணி."

எனக்கும் எட்டியிருக்கும், தனபாலு.

கேட்ட காதுகளுக்கும் மிதிக்கப்போகும் கால்களுக்கும் நன்றி. கொடியை அசையுங்கள் தலைவரே. அதையாவது கவிழ்க்காமல் பிடியுங்கள். வாரேனுங்க.