ராஜா போன் பண்ணப்போ பாஷா தூங்கிட்டிருந்தாரு

இல்ல சார், அவரு அரபியே இல்ல. அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. ஜான்பெக் பாஷா செர்க்கேசியன். ரஷ்யா பக்கத்து மலை ஜனம். தாத்தா காலத்துல ஊர விட்டுத் துரத்துனாங்க, கப்பலேறி வந்து அரபு தேசத்துல குடியேறிட்டாங்க. அவரு மகன் புஸ்தகம் போடறாருன்னு நீங்க வாணியம்பாடிலேர்ந்து டேப்ப தூக்கிட்டு ஆஸ்டின் டவுன் வரைக்கும் வந்திருக்கீங்க. மொதப் பக்கத்துலயே தப்பு வரலாமா?

நான் வெறும் சமையல்காரன். என் பேரு லாயிட், அது அவருக்கு வாய்ல வராது, லோய்த்னுவாரு. தொண்ணூத்தொண்ணுல அவரு வீட்ல வேலைக்குச் சேந்தேன். அதே வருஷம் இங்க காவிரி கலாட்டா, தமிழங்க வீடா பாத்து அடிச்சாங்க. ஸ்ரீராம்புரத்துல எங்க சித்தப்பா வீட்டுக் கதவ ஒடைச்சுட்டாங்கன்னு லெட்டர் வந்துச்சு. மொகத்தப் பாத்துட்டு பாஷா என்னடான்னு கேட்டாரு. நாலு தலமொறயா இருக்கோம், இன்னும் நிம்ம ஊரு யாவுது, உங்க ஊரு எதுன்னு கன்னடத்துல கேக்கறாங்கன்னேன். சிரிச்சுட்டாரு. என்னையும் கேக்கறாங்க லோய்த், அதனாலதான் ராஜா என்ன நம்பறாருன்னாரு.

அதான் சார், மத்த மந்திரிங்க பின்னாடி மாமன் மச்சான்னு ஆயிரம் பேரு நிப்பான். இவருக்கு யாரு இருக்கா? அரண்மனைக் காவலுக்கு ரோமத் தொப்பியும் இடுப்புல கத்தியுமா நிக்கறது இவங்க ஜனம்தான். பாஷாவும் அப்படி நின்னு ஆரம்பிச்சவரு. அப்புறம் கர்னல், கவர்னர், நாலு தடவ மந்திரி. தண்ணி மந்திரியா இருந்தப்போ எங்க வீட்டுக் கொழாய்லயே தண்ணி வரல, அத விடுங்க.

பிரதம மந்திரி நாற்காலி மட்டும் கெடைக்கல. முப்பது வருஷமா காத்திருந்தாரு. பதவி ஏத்துக்கற அன்னிக்குப் பேச பேச்சு கூட எழுதி வெச்சிருந்தாரு. சமையக்கட்டுல வந்து எங்கிட்ட படிச்சுக் காட்டுவாரு. நான் வெங்காயம் நறுக்கிட்டே கேப்பேன், கண்ணு கலங்கும். பேச்சு நல்லா இருக்குன்னு நெனச்சுக்குவாரு.

ஆங், அதுக்குத்தான் வர்றேன். ஒரு மத்தியானம். பாஷா சாப்ட்டுப் படுத்துட்டாரு, வீட்டம்மா வெளிய போயிருந்தாங்க. போன் அடிச்சுது. ராஜாவே பேசறாரு, பாஷாவ ஒடனே கூப்பிடுங்கறாரு. எனக்குத் தெரிஞ்ச அரபில சொன்னேன்: பாஷா தூங்கறாரு, ராஜாவே கூப்ட்டாலும் எழுப்பாதேன்னு சொல்லியிருக்காரு. ராஜா டக்குன்னு போன வெச்சுட்டாரு. சாயங்காலம் ரேடியோல பிரதம மந்திரின்னு வேற ஒருத்தன் பேரு.

வீட்டம்மா ரொம்ப நாள் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. பாஷா திட்டல சார். பாஷை தெரியாதவன், அவன் என்ன பண்ணுவான்னாரு. அன்னிக்கு ராத்திரி மட்டும் சாப்பிடல.

கூத்து அப்புறம்தான். புதுசா வந்தவன் பெட்ரோல் வெலய ஏத்துனான், ஊரே தெருவுக்கு வந்துச்சு, எட்டே மாசத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்ப ஒரு பேப்பர்காரன் எழுதுனான், நாற்காலி தேடி வந்தப்போ தூங்கப் போன மகான்னு. பாஷா ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அதுலேர்ந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கூட்டம் எழுந்து நின்னுச்சு. ராஜாவே ஒரு விருந்துல கையப் புடிச்சு, எங்கிட்ட வேணாம்னு சொன்ன ஒரே ஆளுன்னாரு. நாலு தடவ மந்திரியா இருந்தது எவனுக்கும் ஞாபகமில்ல. போன மாசம் செத்தப்போ டிவிலயும் அதான் சொன்னாங்களாம்.

காபி எடுத்துக்குங்க. இவதான் என் வீட்டுக்காரி, ஐரின்.

அரபியா? அஞ்சு வருஷம் அந்த ஊரு மார்க்கெட்ல கத்திரிக்காக்கு சண்ட போட்டவன் சார் நானு. வராம இருக்குமா? எழுப்பாதேன்னு பாஷா சொல்லவே இல்ல. அவரு பிரதமராயிட்டா வீட்ல தெனம் விருந்து, எவனுக்கும் லீவு கெடையாது. அப்போ இங்க சர்ச்ல எனக்கும் இவளுக்கும் கல்யாணம்னு ரெண்டு ஞாயிறு ஓலை வாசிச்சாச்சு. ஏற்கனவே ரெண்டு தடவ தள்ளிப்போட்ட கல்யாணம். இன்னொரு தடவ தள்ளியிருந்தா இவ ஜீவனஹள்ளி டென்சில்னு ஒருத்தனோட மோதிரம் மாத்தியிருப்பா. கேட்டுப் பாருங்க, சிரிக்கறா பாருங்க.

கல்யாணத்துக்கு லீவுல கெளம்பினப்போ ஏர்போர்ட்டுக்கு பாஷாவே வண்டி ஓட்டிட்டு வந்தாரு. எனக்கென்ன வேல இருக்குன்னாரு. நான் எறங்கறப்போ, புதுப் பொண்டாட்டி, ஒரு வாரம் சேத்து இருந்துட்டு வான்னாரு.

புஸ்தகத்துல தூங்கினாருன்னு மட்டும் போட்டுக்குங்க சார். அது சத்தியம்.