பெண் விடுதலைச் சிறப்பிதழில் பெண்ணைத் தேடிய கதை

மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்து வீற்றிருக்கும் மூத்தோரே! இன்றைக்கு ஆண்களைச் சமைக்கச் சொல்லிவிட்டு அவை நிறைத்திருக்கும் அன்னையரே! கம்பளையிலிருந்து பஸ் மாறி வந்து, கால் கடுக்கக் கதவோரம் நிற்கும் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் இந்த ஜெயராணியின் வணக்கம்!

இந்தக் கண்டி மாநகரிலே 'மறுமொழி' என்றொரு சிற்றிதழ் பிறந்தது. பெற்றவர்கள் இருவர். வரலாறு படிப்பித்த ஹென்றி ஐயா; பிலிமத்தலாவையில் அச்சகம் வைத்திருக்கும் அரூஸ் நானா. இதோ, இருவரும் மேடையிலே! அரசியல் பேசினார்கள், கலை பேசினார்கள், அகிலத்துக்கே விடுதலை கேட்டார்கள்! ஒருமுறை பெண் விடுதலைச் சிறப்பிதழும் போட்டார்கள்.

நான் அப்போது கம்பளையில் தமிழாசிரியை. ஆசையோடு வாங்கினேன். அட்டையிலே சங்கிலி அறுக்கும் சிங்கப்பெண்! உள்ளே? பெண்ணின் கல்வியைப் பற்றி எழுதியவர் ஆண்! பெண்ணின் கனவைப் பற்றி எழுதியவர் ஆண்! பிரசவ வேதனையைப் பற்றி எழுதியவர்? சரியாகச் சொன்னீர்கள் தம்பி, அவரும் ஆண்தான். அதுவும் கலியாணம் ஆகாதவர்! பெண்ணே இல்லையா? இருந்தாள்! கடைசிப் பக்கத்து நன்றியுரையில் இருந்தாள்: "தேநீர் தந்து உதவியவர், திருமதி பியட்றிஸ் ஹென்றி."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று பற்றி எரிந்தது! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பேசப் பழக்கும் எனக்கு, என் வாழ்வைப் பற்றிப் பேச உரிமை இல்லையா? காரசாரமாக ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன்.

ஹென்றி ஐயா வீட்டில் ஆசிரியர் குழு அவசரமாகக் கூடியது.

"இதப் போட்டா ஊரே எங்களப் பாத்துச் சிரிக்கும்," என்றார் அரூஸ் நானா.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. அடுத்த வருஷம் பாப்போமே," என்று நழுவினார் ஹென்றி ஐயா.

குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பியட்றிஸ் அக்கா வெளியே வந்தார்.

"நீங்க அந்தக் கட்டுரையப் போடலன்னா, நான் இனிமே தேத்தண்ணி போட மாட்டேன்!"

விவாதம் முடிந்தது. கட்டுரை வந்தது!

கம்பளையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ராஜலிங்கம் முதலாளி கொதித்தார். இதழின் பின்னட்டை விளம்பரம் அவருடையது. அதை நம்பித்தான் இதழே வந்துகொண்டிருந்தது. அரூஸ் நானாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அந்த டீச்சர் இன்னொரு தரம் எழுதினா, என் வெளம்பரம் வராது நானா."

ஊர் சிரிக்குமே என்று அஞ்சிய அதே மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"முதலாளி, நீங்களும் எதிர்த்து எழுதித் தாங்க. ஒரு எழுத்து வெட்டாமப் போடுறோம். அவங்கள நிப்பாட்டச் சொல்லாதீங்க."

அடுத்த இதழின் பின்னட்டை வெறுமையாக வந்தது. நடுவிலே ஒரே அறிவிப்பு: "இங்கிருந்த விளம்பரம் எங்களோடு கருத்து வேறுபட்டு வெளியேறிவிட்டது. அதற்கும் அந்த உரிமை உண்டு." வாசித்தேன், சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். முகம் தெரியாத எனக்காக அல்லவா அந்த மனிதர் விளம்பரக் காசை இழந்து, அச்சுச் செலவையும் தானே ஏற்றிருந்தார்!

முதலாளி விட்டாரா? எழுதினார்! பக்கம் பக்கமாக எழுதினார்! 'வீட்டுப் பெண்கள் வாய் திறக்காததே குடும்பத்தின் நிம்மதி' என்று முடித்தார். வெட்டாமல் போட்டார்கள். உடனே வந்தது ஒரு மறுப்பு. முதலாளியின் வாதங்களைத் துவைத்துக் கொடியில் காயப்போட்ட மறுப்பு! எழுதியவர் யார்? ஷாமலா ராஜலிங்கம். அவர் பெற்ற மகள்!

கொஞ்சம் மெல்லத் தட்டுங்கள் ஐயா, முதலாளி நாலாவது வரிசையில்தான் இருக்கிறார்! மகளின் எழுத்து வெளிவந்த அன்று என்ன செய்தார்? இதழைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கடையில் அடுக்கினார். ஆணி வாங்க வந்தவரையும் விடவில்லை. "வாசிச்சுப் பாருங்க! அப்பனையே எப்புடி மடக்கியிருக்கா! எழுத்துன்னா இது எழுத்து!"

சபையோரே! சுதந்திரம் என்பது நமக்குப் பிடித்ததை மட்டும் பேச விடுவதா? நம்மைப் புகழ்வோருக்கு மட்டும் ஒலிவாங்கி நீட்டுவதா? இல்லை! இல்லவே இல்லை! முகத்துக்கு நேரே "நீங்கள் பிழை" என்று சொல்பவரையும் முழுமையாகப் பேசவிட்டு, அதன் பிறகும் அவரோடு ஒரே மேசையில் சோறு உண்பதுதான் சுதந்திரம்! அந்த வீட்டில் தகப்பனும் மகளும் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள்; இன்றும் ஒன்றாகவே உண்கிறார்கள். அந்த மகள்தான் இன்று முதல் 'மறுமொழி'யின் ஆசிரியர்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. கேட்கும்போதே எனக்கு எதிராக ஒரு கட்டுரையை மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. வணக்கம்!