படித்தவரின் கைநாட்டு

சித்தூரிலிருந்து ரேணிகுண்டா போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் கோபமாகச் சொன்னார்:

"பத்தாவது பாஸ் பண்ணவன் நானு. நேத்து கைநாட்டு வெச்சேன்ப்பா."

மூட்டுக் காய்ச்சலில் வீங்கிய அவர் விரல்கள் கம்பியைப் பிடிக்க முடியாமல் நழுவிக்கொண்டே இருந்தன.

"எங்க வெச்ச?"

"எங்க ஊரு காய்ச்சல் கேம்ப்ல. பேனா புடிக்க முடியல."

"கோடி கோடியா ஒதுக்கிக்கீறாங்கன்னு டிவில சொல்லிக்கினே கீறான். இன்னா குட்த்தாங்க?"

"ஒரு ஊசி. ஆனா ரிஜிஸ்டர்ல, ஊசியோட ரெண்டு கொசுவலையும் வாங்கிக்கினேன்னு எழுதிக்கீது."

"வலை குட்த்தாங்களா?"

"இல்ல."

"அத்த படிச்சிட்டா வெச்ச?"

"படிச்சிட்டுதான் வெச்சேன். வெச்சாதான் ஊசின்னாங்க. எனக்குப் பின்னாடி லைன்ல என் பொண்ணு நடுங்கிக்கினு நின்னா."