ஒரு வீட்டுக்கு ஒருவர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சமூக சேவைக்கு ஆள் சேர்க்கும் அறையில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். பதிவு மேசையில் ஓர் அம்மா, எதிரே ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், மூலையில் மேலாளர்.

அம்மா: ...ஆறு மாசமும் வரணும். பாதியில ஓடக் கூடாது.

டிரைவர்: முப்பத்தொரு வருஷம் ஒரே ரூட்ல பஸ் ஓட்டினவன். நான் எங்கேம்மா ஓடப்போறேன்?

அம்மா: ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் இடம். உங்க வீட்டுல வேற யாரும் சேவையில இல்லையே?

டிரைவர்: எனக்குத் தெரிஞ்சு... இல்ல.

அம்மா: எதுக்குச் சேரறீங்க?

டிரைவர்: வீட்டுல பேச ஆளில்ல. சம்சாரம் காலையில கிளம்பினா சாயந்திரம்தான் வர்றா.

அம்மா: ம்க்கும்!

மேலாளர்: என்னம்மா?

அம்மா: தூசி சார்... சமையல் தெரியுமா?

டிரைவர்: பிரமாதமா!

அம்மா: முந்தாநாள் பால் சட்டி கரிஞ்சுதே...

மேலாளர்: எந்தச் சட்டி?

அம்மா: பொதுவா சொன்னேன் சார்.

டிரைவர்: போன் வந்துச்சு, அதனாலதான்...

அம்மா: உங்கள யாரு கேட்டா?

டிரைவர்: சரி, முடிச்சவங்கல்லாம் அப்புறம் எங்க போறாங்க?

அம்மா: போன தடவை பதினாலு பேர். ரெண்டு பேர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாங்க. ஒருத்தி தையல் கடை வச்சா. ஒரு தபால்காரர் மட்டும் முதியோர் இல்லத்துக் கேரம் போர்டை விட்டு இன்னும் எழுந்திருக்கல.

டிரைவர்: அதுல... பதிவு மேசை வேலைக்கு வந்தவங்க? அவங்க வீட்டுக்குப் போறதே இல்லையா?

அம்மா: தினமும்தான் போறாங்க. போனா அங்க டிவி மட்டும்தான் பேசுது.

டிரைவர்: டிவிய அணைச்சுட்டா?

அம்மா: ...கையெழுத்துப் போடுங்க. அங்க இல்ல, கீழ! கண்ணாடி இடது பாக்கெட்டுலதானே இருக்கு, எடுத்து மாட்டுங்க.

மேலாளர்: கொடுங்க பார்க்கலாம்... என்னம்மா, இது உங்க விலாசமாச்சே?

டிரைவர்: அவங்க கீழ சார். நான் மாடி.

அம்மா: நம்ம வீட்டுக்கு ஏதுங்க மாடி?

மேலாளர்: நம்ம வீடா?

அம்மா: மன்னிச்சுடுங்க சார். என் வீட்டுக்காரர்தான். நான் வேணா சேவையிலிருந்து நின்னுக்கறேன், இவரச் சேர்த்துக்குங்க.

டிரைவர்: ஐயோ, அவ இருக்கட்டும் சார்! நான் வாசல் பெஞ்சுல உட்கார்ந்து, சாயந்திரம் கூட்டிட்டுப் போறேன்.

அம்மா: வெயில்லயா? தொப்பி கூட எடுத்துட்டு வரல!

மேலாளர்: ரெண்டு பேரும் உட்காருங்க. மெதுவாப் பேசுங்க... அந்த ‘ஒரு வீட்டுக்கு ஒருத்தர்’ விதிக்குப் பயந்து நாலு மாசமா நானே தூங்கல.

அம்மா: நீங்களா? எதுக்கு சார்?

மேலாளர்: நம்ம சேவையில சேர்ந்து முதியோர் இல்லத்துல கதை வாசிக்கிறாங்களே ஒரு பாட்டி, அவங்க என் மாமியார். வீட்டுல அவங்க பேச்சு தாங்கல... நான்தான் சேர்த்துவிட்டேன்!

உங்கள் வீட்டிலும் பேச ஆளும் கேட்க ஆளும் என்றும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.