ஜெனீவாவுக்குப் போன பதில்

— முழுக்க வாசிச்சனியோ, றிச்சர்ட்?

— வாசிச்சன் அண்ணி. அரசாங்கம் வேற என்னத்தை எழுதும்? விடுங்கோ.

— விடவோ? ஜெனீவாவில ஐ.நா. கமிட்டி தீர்ப்புச் சொன்னது. உன்ர அண்ணையை பஸ்ஸால இறக்கிக் கொண்டுபோனது அரசாங்கத்தின்ர ஆக்கள்தான், என்ன நடந்ததெண்டு தேடிச் சொல்லுங்கோ எண்டு. ஆறு மாசம் கழிச்சுப் பதில் குடுத்திருக்கினம். என்ன பதில்? அகஸ்ரின் காணாமல் போகேல்லையாம். தன்ர பாட்டில நாட்டை விட்டு வெளிக்கிட்டவராம்.

— காணாமல் போன ஆரைக் கேட்டாலும் வெளிநாட்டில இருக்கினம் எண்டுதானே உவங்கள் சொல்லுறவங்கள்.

— இதில திகதியெல்லே போட்டிருக்கு. 2008 மே ஒன்பது, எயாப்போட்டால வெளிக்கிட்டவர் எண்டு. பிடிச்சுக் கொண்டுபோய் நாலு மாசத்துக்குப் பிறகு.

— பாஸ்போட் நம்பரும் போட்டிருக்கினமோ?

— முழுக்க வாசிச்சன் எண்டாய்?

— கண்ணாடி கொண்டரேல்லை அண்ணி. நீங்கள் கூப்பிட்டவுடன அஜக்ஸில இருந்து அந்தரப்பட்டு ஓடி வாறன்... தலைக்கு டை அடிச்சனீங்களோ?

— கதையை மாத்தாத. நம்பர் போட்டிருக்கு. அவற்ற நம்பர்தான்.

— நீங்கள் உதை நம்புறியளோ?

— நம்பினன். காலமை லோயர் நிரூபா இதை அனுப்பின நேரத்தில இருந்து திட்டித் தீர்த்தன். பதினேழு வருசமா நான் படத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறன், இஞ்ச வந்தும் குயின்ஸ் பார்க்கில பனிக்குள்ள போராட்டத்தில நிக்கிறன், ஐயா எங்கயோ ஒருத்தியின்ர கையால சோறு தின்னுறார் எண்டு. மத்தியானம் பிளாசாவில ஒரு மனுசன்ர முதுகுக்குப் பின்னால கடை கடையா நடந்தன். திரும்பினால் ஆரோ பிலிப்பீன்ஸ்காரன்.

— அண்ணை அப்பிடிச் செய்யிற ஆளில்லை. சத்தியமா.

— எப்பிடி அவ்வளவு ஷுவரா சொல்லுறாய்?

— என்ர அண்ணையெல்லே.

— அவரைப் பிடிக்கேக்க பாஸ்போட் மாமியின்ர அலுமாரிக்குள்ள கிடந்தது. பிறகு தேடினன், காணேல்லை. ஆமி செக்கிங்கில எடுத்திட்டாங்கள் எண்டவா மாமி. நானும் பேசாமல் விட்டிட்டன்.

— செத்துப்போன மனுசியை ஏன் அண்ணி இழுக்கிறியள்?

— நீ இந்த நாட்டில வந்து இறங்கினது எப்ப?

— உதேன் இப்ப?

— அன்னையர் தினத்தண்டு. "வந்திட்டன் அம்மா" எண்டு மாமிக்குப் போன் எடுத்து அழுதனி, நான் அப்ப ஊரில அவவுக்குப் பக்கத்தில நிண்டனான். பின்னேரம் பழைய கலண்டரைத் தேடிப் பாத்தன். அந்த வருசம் அது மே பதினொண்டு. அவற்ற பாஸ்போட் பறந்து ரெண்டாம் நாள். உங்கட ரெண்டு பேரின்ர முகத்தையும் பாத்துச் சுவாமியாரே பேரை மாத்திக் கூப்பிடுறவர்.

— அண்ணி...

— ரெண்டு மாசத்துக்குள்ள நாங்கள் மறுப்பு எழுதாட்டி அரசாங்கம் சொன்னதுதான் நிக்குமாம். கேஸும் அதோட சரியாம். சொல்லு, ஆர் பறந்தது?

— சொன்னால் என்னைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்கள். அகதி விசாரணையில ஏஜென்ற் தந்த கள்ளப் பாஸ்போட் எண்டு பொய் சொன்னனான். மகள் மெலனி இப்பதான் யூனிவர்சிற்றிக்குப் போறாள்...

— ஆர் பறந்தது, றிச்சர்ட்?

— நான்தான். அம்மாதான் எடுத்துத் தந்தவா. ஒருத்தனைக் குடுத்திட்டன், நீயாவது தப்பிப் போ எண்டவா. உங்களிட்ட மூச்சு விடக்கூடாதெண்டு பைபிளில சத்தியம் வாங்கினவா... நாளைக்கே லோயரிட்ட வாறன் அண்ணி. எழுதித் தாறன். எனக்கு வாறது வரட்டும். இனி உவங்கள் கேஸை மூடேலாது. அண்ணை உங்களை விட்டிட்டுப் போகவும் இல்லை. இதைக் கேக்கத்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்?

— நானில்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, றிச்சர்ட். காலமையிலையிருந்து எனக்கு அவர் உயிரோட இருந்தவர்.